ஃபேனுக்கு அடியில் இருக்கிற நம்பர்

யக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பைய நடுவுல வெச்சிக்கிடுதேன். கீழ வைக்கப்படாது. உள்ள ஒரு லேப்டாப் போர்டு இருக்கு. செத்த போர்டுதான், இருந்தாலும் தரையில வைக்க மனசு வரமாட்டேங்கு. பத்தொம்பது வருசப் பழக்கம்.

உங்களையும் வெளிய உக்காரச் சொல்லிட்டாவளா? மகளிர் ஸ்டேஷனுக்கு நான் இப்பத்தான் மொத தடவ வாரேன். பதினோரு மணிக்கு வான்னாவ, பத்தே முக்காலுக்கே வந்துட்டேன். இப்ப மணி பன்னெண்டேகால். உள்ள ஒரு புருசன் பொண்டாட்டிய வெச்சு இன்ஸ்பெக்டரம்மா பேசிக்கிட்டிருக்காவ. அது முடிஞ்சதும் என்னக் கூப்பிடுவாவளாம். அவங்க சண்டைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பாத்துக்கிடுங்க. நான் லேப்டாப் ரிப்பேர் பாக்கவன். முருகன்குறிச்சில கடை. சேர்மதுரைன்னு கேட்டீங்கன்னா ஆட்டோக்காரனே கொண்டு வந்து விட்டுருவான்.

தள்ளி உக்காரச் சொன்னா கிட்ட வந்துட்டீங்க. பரவால்ல, இருங்க. காத்தாடி இந்தப் பக்கந்தான் சுத்துது.

எல்லாம் அந்த மார்த்தாண்டத்துக்காரியால வந்த வினைக்கா. பெனிட்டான்னு பேரு. அவ மட்டும் அன்னைக்கு ஒரு ஃபைலத் தந்திருந்தா, நான் இன்னேரம் கடையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருப்பேன். உள்ள இருக்க ரெண்டு பேரும் அவங்க வீட்டுல இருப்பாங்க. ஒரு ஃபைலு. அவ கையில என்ன கொறஞ்சிரும்?

சொல்லுதேன், உங்களுக்குப் புரியுத மாதிரியே சொல்லுதேன். எங்களுக்கு வாட்ஸப்புல ஒரு குரூப் இருக்கு. மூணு ஜில்லா லேப்டாப் மெக்கானிக்கு, நானூறு பேரு. அதுக்கு அட்மின் இவ. முப்பது வயசு இருக்கும். எந்த போர்டுக்கும் லேஅவுட் ஃபைலு வெச்சிருப்பா, இல்லன்னா எங்கயாவது தேடிப் பிடிச்சித் தருவா. அதுல கெட்டிக்காரிதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். லேஅவுட்டுன்னா, வீடு கட்டும்போது எந்தச் சுவத்துக்குள்ள எந்த வயர் போகுதுன்னு ப்ளான் போட்டு வைக்காவல்லா, அதேதான். அது இல்லாம போர்டுல கைய வைக்கது, கண்ண மூடிக்கிட்டு சுவத்துல ஆணி அடிக்க கததான்.

ஆனா அவகிட்ட சும்மா கேக்க முடியாது. ஒரு சட்டம் போட்டிருக்கா. போர்டுல அச்சடிச்சிருக்க நம்பரப் போட்டோ எடுத்து குரூப்புல போடணும். மாடல் பேரச் சொன்னாத் தரமாட்டா. ஏன்னா லேப்டாப்புக்கு ரெண்டு பேருக்கா. மூடியில இருக்கது விக்கவன் வெச்ச பேரு. உள்ள போர்டுல இருக்கது, அதச் செஞ்சவன் வெச்ச பேரு. ரெண்டு எழுத்து, ஒரு கோடு, நாலு நம்பர், அவ்வளவுதான். ஒரே மாடலுக்குள்ள ரெண்டு மூணு தினுசு போர்டு வரும். வெளிய பாத்தா ஒண்ணுபோல இருக்கும், உள்ள எல்லாம் மாறிக் கெடக்கும். அந்த நம்பரு ரேம் செருகுற இடத்துல இருக்கும், இல்லன்னா ஃபேனுக்கு அடியில, கறுப்பு ஷீட்டுக்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிக் கெடக்கும். கழட்டித்தான் பாக்கணும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? மூடியத் தெறக்காமலே உள்ள என்ன போர்டுன்னு சொல்லுதவன் நான். டீலர் பயலுவ என்கிட்ட வந்து பந்தயம் கட்டிருக்கானுவ.

சரி, விசயத்துக்கு வாரேன். அஞ்சாம் தேதி, திங்கக்கிழம. கடையத் தொறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கிட்டிருக்கேன், ஒரு பிள்ள வந்து நிக்கி. ஆவுடைச்செல்வின்னு பேரு. கையில லேப்டாப்ப ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கு. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணுதாம். உப்பளத்துல வேல பாக்க பொம்பளையளப் பத்தி. கால் வெடிப்பு, கண் எரிச்சல், கர்ப்பப்பைன்னு இருநூத்திப் பத்து பேரு வீட்டுக்குப் போயி ஒவ்வொருத்தியா உக்கார வெச்சுக் கேட்டு எழுதிருக்கு. நாலு வருசம். இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள குடுத்தாகணும், இல்லன்னா பதிவே போயிரும்னு சொல்லிச்சு. 

காப்பி எடுத்து வைக்கலியாம்மான்னு கேட்டேன். பாதிய கைடுக்கு மெயில்ல அனுப்பிருக்கேன் சார், கடைசி எட்டு மாசத்து வேல இதுக்குள்ளதான் இருக்குன்னுச்சு. முன்னெல்லாம் ஹார்டு டிஸ்க்கு தனியா இருக்கும். கழட்டி வேற எதுலயாவது மாட்டிக் குடுத்துரலாம். இது ஒல்லி லேப்டாப்பு. எல்லாத்தையும் சேமிச்சி வைக்க சிப்பையே போர்டோட ஈயம் வெச்சுப் பிடிப்பிச்சிருக்கான். போர்டு ஓடினாத்தான் உள்ள இருக்கது வெளிய வரும்.

ரெண்டு நாள் பொறும்மா, நான் பாத்துத் தாரேன்னு சொன்னேன். அப்படியே மொகம் தெளிஞ்சிருச்சு. கும்பிட்டுட்டுப் போச்சு. கும்பிட்டுட்டு.

என்னக்கா? ம், சார்ஜர் மாட்டினா லைட்டே எரியல, அதான் கம்ப்ளெய்ன்ட்டு. எங்கயோ மணல் அளவுல ஒரு கெப்பாசிட்டர் செத்துப் போயிருக்கு. எதுன்னு தெரிஞ்சா எடுத்துப் போட்டுட்டு, இருவது நிமிசத்துல ஆன் பண்ணிக் குடுத்துரலாம். அந்த 'எது'ங்கிறதுக்குத்தான் ஃபைலு.

குரூப்புல போட்டேன். இந்த மாடலுக்கு லேஅவுட் வேணும், அவசரம்னு. ஒடனே பதில் வருது. "அண்ணா, போர்டு நம்பர் போட்டோ போடுங்க." நான் சொன்னேன், மாடல் போதும்மா, எனக்கு போர்டு தெரியும்னு. "அண்ணா, அந்த மாடல்ல ரெண்டு போர்டு வருது. மாத்திப் பிடிச்சா செத்துரும். ஃபேனக் கழட்டிப் பாத்துச் சொல்லுங்க." நானூறு பேரு பாக்க குரூப்புல, எனக்கு ஃபேன் கழட்டச் சொல்லிக் குடுக்கா! வள்ளியூர்ல ஒருத்தன், நான் வேல கத்துக்குடுத்த பய, ஒரு சிரிப்பு பொம்மையத் தட்டி விடுதான். எனக்குத் தலைக்கு ஏறிருச்சி. "நீ தாவணி போடுததுக்கு முன்னாலயே நான் போர்டு பாத்தவன்"னு எழுதிட்டு குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன்.

ஆமா, கொஞ்சம் அதிகந்தான். எழுதிருக்கப்படாது. கோவத்துல எழுதினது.

பெறகு என் பழைய டிஸ்க்கு எல்லாத்தையும் தேடினேன். அந்த மாடல் பேருலயே ஒரு ஃபைல் இருந்துச்சி. ஆறு வருசத்துக்கு முன்னால வாங்கி வெச்சது. பாத்தீங்களா, இவ இல்லன்னா ஒலகம் நின்னுருமான்னு எனக்குள்ள ஒரு சந்தோசம். தெறந்து வெச்சுப் பாத்துக்கிட்டே மீட்டரால ஒவ்வொரு லைனாத் தொட்டு வந்தேன். மூலையில ஒரு காயில்ல மீட்டர் கத்துச்சி. கத்தினா ஷார்ட்டு. என் ஃபைல்ல அது அஞ்சு வோல்ட் லைனு. நாங்க என்ன செய்வோம்னா, அந்த லைனுக்கு வெளிய இருந்து கரண்டு குடுப்போம். செத்த பார்ட்டு மட்டும் சுடும், விரல வெச்சே கண்டுபிடிச்சுரலாம். ஆனா அளவு தப்பப்படாது. அஞ்சு வோல்ட் லைனுக்கு அஞ்சு, ஒரு வோல்ட் லைனுக்கு ஒண்ணு. நான் அஞ்சு குடுத்தேன்.

டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பெறகு அந்தக் கருகின வாசம். அது வந்துச்சின்னா போர்டு போச்சுன்னு எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

அதுக்குப் பெறகுதான் ஃபேனக் கழட்டினேன். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. ஷீட்டத் தூக்கிப் பாத்தா நம்பர் வேற. அவ சொன்ன அந்த ரெண்டாவது போர்டு. இதுல அந்த மூலையில இருக்க காயிலு, லேப்டாப்புக்கு மூளையான புராசஸருக்குப் போற ஒரு வோல்ட் லைனு. அதுக்குப் போயி அஞ்சு குடுத்திருக்கேன். புராசஸர் லைன்ல மீட்டர் எப்பவும் கத்தத்தான் செய்யும், அது அதோட கொணம். ஷார்ட்டே அங்க இல்ல. அது வேற எங்கயோ இருந்திருக்கு.

ஏன் மொதல்லயே கழட்டலன்னா கேக்கீங்க? நல்ல கேள்வி. எல்லாரும் இதத்தான் கேப்பாவ. கழட்டினா அவ சொன்னதக் கேட்ட மாதிரி ஆயிரும்லாக்கா. அந்த நேரத்துல ரெண்டு ஸ்க்ரூவக் கழட்ட என் கை வரல. ஃபைலத் தந்திருந்தா இது நடந்திருக்காது, அதச் சொல்லுங்க.

புதன்கிழம செல்வி வந்துச்சி. வரும்போதே மொகம் பூரா ஆச. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்ச மாதிரி ஒண்ணுமில்ல, வாயில வந்துட்டு. "தண்ணி பட்டிருக்கும்மா. போர்டு போச்சு." எங்க தொழில்ல எல்லாரும் சொல்லுததுதான். தண்ணின்னு சொன்னா மேக்கொண்டு கேள்வி வராது. தலையில அடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க, அவங்கவங்க மேலயே கோவப்பட்டுக்கிட்டு. யாருக்கும் நட்டம் இல்ல.

தண்ணி இருந்துச்சா இல்லயான்னா... எந்த லேப்டாப்புல ஈரம் இல்ல சொல்லுங்க. நம்ம ஊரு வெக்கைக்கு வேர்வ எறங்காதா? இல்ல, கண்ணால பாக்கல. சொட்டு கூடப் பாக்கல.

இந்தப் பிள்ள போவல. அப்படியே நிக்கி. "எம் மேசையில நான் தண்ணியே வைக்க மாட்டேனே சார்"னு சொல்லுது. அங்க நான் வாய மூடிருக்கணும். "வீட்டுல வேற யாராவது கொட்டிருப்பாவம்மா"ன்னுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது, யாரையும் நெனச்சுச் சொல்லல. அதக் கேட்டதும் பிள்ள மொகம் மாறின மாற்றம் இருக்கே. ஏதோ கணக்குப் போடுத மாதிரி கண்ணு ஒரே எடத்துல நின்னுச்சி. மெதுவா, "ஆமா சார், ஆள் உண்டு"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பக் கூட எடுக்காமப் போயிட்டு.

பெறகுதான் வெவரம் தெரிஞ்சது. எங்கிட்ட கொண்டு வாரதுக்கு மொத நாளு, ஞாயித்துக்கிழம வீட்டுல சண்ட. புருசன், இசக்கிராஜான்னு பேரு, மருந்துக் கம்பெனில வேல, "இதத் தூக்கி ஆத்துல போட்டாத்தான் நீ மனுசியா ஆவ"ன்னு கத்திருக்கான். திங்கக்கிழம காலையில லேப்டாப் ஆன் ஆவல. புதன்கிழம நான் தண்ணிங்கேன். அந்தப் பிள்ள வேற என்ன நெனைக்கும்? அன்னைக்கே பொட்டியக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டு. நாலு வருச உழைப்ப வேணும்னே அழிச்சிட்டான்னு இங்க வந்து எழுதியும் குடுத்துட்டு. அந்த வீட்டுல மாமியாரு ஒருத்தி வேற இருக்காளாம். அவதான் பின்னால நின்னு தூண்டி விட்டிருப்பா, படிக்க மருமவளக் கண்டா சும்மா இருப்பாளுவளா.

என்ன, மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க? சும்மா ஒலகத்துல உள்ளதச் சொன்னேன்.

சனிக்கிழம அந்தப் பையன் கடைக்கு வந்தான்க்கா. சண்ட போட வாரான்னு நெனச்சு நான் ஸ்க்ரூடிரைவரக் கையில எடுத்து வெச்சிக்கிட்டேன். அவன் சண்ட போடல. ஸ்டூல்ல உக்காந்தான். "அண்ணே, நான் கோவத்துல சொன்னது நெசம். ஆனா அதத் தொடல. தண்ணி எங்க பட்டிருக்குன்னு மட்டும் காட்டுங்க. நான் பாத்துட்டுப் போயிருதேன்"னான். தாடி வளந்து கெடக்கு. சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கான். எனக்கு என்ன செய்யன்னு தெரியல. போர்ட எடுத்து, ஓரத்துல வெள்ளையாப் படிஞ்சு கெடந்த எடத்தக் காட்டினேன். "இதான் தண்ணிக் கற"ன்னேன்.

அது நான் கரண்டு குடுக்க வயர ஈயம் வெச்சு ஒட்டும்போது தடவின பேஸ்ட்டு. காஞ்சா வெள்ளையாத்தான் இருக்கும்.

அவன் அத ரொம்ப நேரம் பாத்தான்க்கா. கிட்டக் கொண்டு போயிப் பாத்தான். பெறகு, "ஒருவேள நான் எனக்கே தெரியாமக் கொட்டிட்டனோ"ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டான். எந்திரிச்சுப் போயிட்டான். அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல, நெசமாச் சொல்லுதேன். ஆனா என்ன செய்யச் சொல்லுதீங்க? எம் பேரு என்னாகும்? நானூறு பேரு குரூப்புல சிரிப்பானுவ. சேர்மதுரை நம்பர் பாக்காம போர்ட எரிச்சுட்டான்னு.

பெனிட்டாவுக்கு எப்படித் தெரிஞ்சதோ, முந்தாநாள் போன் பண்ணுதா. "அண்ணா, புராசஸர் போயிருந்தாலும் ஸ்டோரேஜ் சிப்பு பொழச்சிருக்கும். அதே நம்பர்ல எங்கிட்ட ஒரு போர்டு கெடக்கு. கொண்டு வாங்க, சிப்ப எடுத்து அதுல மாத்திப் பாக்கலாம். நாலு நாள்ல சொல்லிருவேன்." எப்படி இருக்கு பாருங்க. எரிச்சது நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அதக் கேக்கவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சி. கட் பண்ணிட்டேன்.

முடியுமா முடியாதான்னா... முடியும்க்கா. நூத்துக்கு அறுவது முடியும். அவ கைக்கு எழுவதுன்னே வெச்சிக்கிடலாம். இன்னைக்கு இருவத்தொண்ணு. இன்னும் ஒம்பது நாள் கெடக்கு. இன்னைக்கே மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினா நடக்கும். ஆனா அத நான் கொண்டு போனா, புராசஸர் எப்படிப் போச்சுன்னு கேள்வி வருமா வராதா? தண்ணி எங்கன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?

அதான் நேத்து ஸ்டேஷன் ரைட்டரம்மா போன்ல கேட்டப்பவும் தண்ணின்னே சொல்லிட்டேன். அவ்வொ அத அப்படியே பேப்பர்ல எழுதி வெச்சிட்டாவ. காலையில காட்டினாவ. "திரவம் ஊற்றப்பட்டதால் பழுதடைந்தது" அப்படின்னு. பட்டதுன்னுதான் நான் சொன்னேன், ஊற்றப்பட்டதுன்னு அவ்வொ போட்டிருக்காவ. கீழ நான் ஒரு கையெழுத்துப் போட்டா எம் பாடு முடிஞ்சுது. போர்ட சீல் வெச்சு கேஸுக்குன்னு இங்கயே வாங்கிக்கிடுவாவளாம். பெறகு எப்ப வெளிய வருமோ, அது கோர்ட்டு பாடு.

ஒரு கையெழுத்துதான். நான் ஒருத்தருக்கும் துரோகம் செய்யல, சொல்லுங்க. போர்டு சாவாத மெக்கானிக் யாரு இருக்கா?

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். ஒங்கள இனிமே எங்க பாக்கப் போறோம்னு மனசுல கெடந்ததெல்லாம் கொட்டிட்டேன். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்கவே இல்ல பாத்தீங்களா. நக கேஸா? வரதட்சணையா?

மவனுக்காகவா? எங்க இருக்கான் மவன்?

உள்ளயா? உள்ள வேற யாரும் இல்லயே. உள்ள அந்த ரெண்டு பேரு மட்டும்தான...

யக்கா.

யக்கா, நீங்க இதச் சொல்லிருக்கணும்லா. மொதல்லயே சொல்லிருந்தா நான் இதெல்லாம்... இல்ல, இல்ல, நான் உங்களக் கொற சொல்லல. மாமியாரப் பத்திச் சொன்னத மனசுல வெச்சிக்கிடாதீங்க, அது சும்மா வாய்க்கு வந்தது. நீங்க திட்டுங்க. நாலு வார்த்த கேட்டுப் போடுங்க. 

என்ன சொன்னீங்க? மெதுவாச் சொல்லுதீங்க, காதுல விழல.

நம்பலயா? பெத்த மவன நீங்களே நம்பலயா?

தொடலம்மான்னு உங்க கால்ல கைய வெச்சுச் சத்தியம் பண்ணினானா? நீங்க கால இழுத்துக்கிட்டீங்களா? ரெண்டு வாரமாப் பெத்த மவன்கூடப் பேசலயா?

"கடைக்காரன் எதுக்குப் பொய் சொல்லப் போறான், அவனுக்கு நம்ம மேல என்ன பகை"ன்னு கேட்டீங்களா. அவன்கிட்டயா கேட்டீங்க. அவன் என்ன சொன்னான்? ஒருவேள நானே கொட்டிட்டனோன்னானா. அப்படித்தான் சொல்லுவான். அன்னைக்கே கடையில பாத்தேனே.

பகை ஒண்ணும் இல்லக்கா. உங்க மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கேன். உங்களுக்கும் எனக்கும் என்ன பகை. அந்தப் பிள்ள என்னக் கும்பிட்டுட்டுப் போச்சு. அவன் என்ன அண்ணேன்னு கூப்பிட்டான். ரெண்டு ஸ்க்ரூக்கா, ரெண்டு ஸ்க்ரூவக் கழட்டல, அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு...

யாரு, சேர்மதுரையா? நான்தான் மேடம். இந்தா வாரேன். போர்டோடயா? போர்டோடதான் வாரேன்.

யக்கா, எந்திரிங்க. கண்ணத் தொடச்சிக்கிட்டு எந்திரிங்க. நீங்களும் கூட வாங்க. வெளிய இருக்கச் சொன்னா இருக்க மாட்டேன்னு சொல்லுங்க. எங்கூட வந்து பக்கத்துல நில்லுங்க. நான் தனியாப் போனேன்னா கையெழுத்துப் போட்டுருவேன்.